சண்டை பிடிக்கும் அளவுக்கு இங்கிலீசு

அன்புள்ள மகனுக்கு,

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், உன் மனைவியின் வளவில், முருங்கை மரத்தடியில் கட்டப்பட்டிருந்த வெள்ளைக் கிடாய், அவளுடைய இங்கிலீசுப் பாடப் புத்தகத்தைப் பகிரங்கமாகத் தின்றுவிட்டது. முன்னுரையில் தொடங்கி முறைப்படி உள்ளே போய், படங்களையும் பயிற்சிகளையும் முடித்து, அட்டையை மட்டும் மரியாதைக்காக மிச்சம் வைத்தது. வாவிக்கு மேற்கே, நம் படுவான்கரைப் பக்கத்தில் இங்கிலீசு முழுவதுமாக உள்ளே இறங்கிய முதல் சீவன் என்ற பெருமை இனி அதற்கே சேரும். ஆனாலும் விடிந்ததும் அது பழையபடி கத்தியதே தவிர எதையும் கற்றதாகத் தெரியவில்லை. பழுகாமத்து மக்கள் சார்பில் இந்தச் செய்தியை உனக்கு அறிவிப்பதில் ஆழ்ந்த பெருமிதம் கொள்கிறேன்.

சிரித்துவிட்டாய்தானே? நல்லது. இனிக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் சைக்கிள் மணியைக் கழற்றி மாட்டின் கழுத்தில் கட்டிய காலத்திலிருந்து, பாரமான விசயம் ஏதும் சொல்ல வேண்டி வந்தால் முதலில் ஒரு பகிடியை விட்டுத்தான் வாயைத் திறப்பேன். உனக்கு அது தெரியும். இந்தக் கடிதம் ஆட்டைப் பற்றியது அல்ல. நீ இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாய். கலியாணம் முடித்த கையோடு போனவன். அவள் அங்கே வந்து உன்னோடு சேர வேண்டுமென்றால் இங்கிலீசுப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். அதற்காகப் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வகுப்புக்குப் போகிறாள். என் மோட்டார் சைக்கிளில் நான்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். நீ இருக்க வேண்டிய வீட்டுக்கு உனக்குப் பதிலாக நான் போய் வருகிறேன். அதனால் நீ பார்க்காத சிலதை நான் பார்க்கிறேன். அவற்றைத்தான் எழுதுகிறேன்.

இதை உனக்கு அனுப்பிய பிறகு வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் வாட்சப் குழுவிலும் போடப் போகிறேன். உன்னைப் போலப் பரீட்சைக்குப் படிக்கும் மனைவிமாரோடு போனில் இங்கிலீசு பேசுகிற மாப்பிள்ளைமார் அதில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மருமகளிடம் கேட்டுத்தான் இந்த முடிவு. "பேரப் போடாதீங்க மாமா. ஆட்டப் பத்தி எழுதுங்க. நான் அழுத பத்தி எழுதாதீங்க" என்றாள். சரி. அவள் அழவில்லை என்று இத்தால் எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவருக்கு இங்கிலீசைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய். கடல் வந்து போன பிறகு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்கு வான் ஓட்டினேன் அல்லவா? வடக்கே கதிரவெளியிலிருந்து தெற்கே மாவட்ட எல்லை வரைக்கும் வெள்ளைக்காரர், ஜப்பான்காரர், ஆபிரிக்கர் எல்லோரையும் ஏற்றி இறக்கியவன் நான். வாவியின் மேற்குக் கரையில் இங்கிலீசு என்றால் நான், நான் என்றால் இங்கிலீசு என்று இருந்த காலம் அது. ஊரில் யாருக்கு இங்கிலீசில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் கண்ணாடியைப் போட்டு, தாளைத் தூரத்தில் பிடித்து, "ம்ம்" என்று சொன்னாலே அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். அப்படிப்பட்ட உன் அப்பா, இங்கிலீசு படித்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு எப்படிப் பேச வேண்டும், எப்படிப் பேசக் கூடாது என்பதை இரண்டு பக்கத்திலும் நின்று அறிந்தவன்.

எப்படிப் பேசக் கூடாது என்பதை எனக்குக் காட்டியவர் அந்த நிறுவனத்தின் பெரிய அம்மணி. நல்ல மனுசி, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அவரால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது. நான் சொல்லைத் தேடித் தடுமாறுவதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருக்கும். உடனே வசனத்தை என் வாயிலிருந்து வாங்கித் தானே முடித்துவிடுவார். உன் தங்கை பிறந்த அன்று லீவு கேட்கப் போனேன். "மேடம், மை வைஃப், ஹாஸ்பிட்டல்..." என்று தொடங்கி, 'பிள்ளை கிடைத்திருக்கிறது' என்பதை எப்படிச் சொல்வது என்று மேலே பார்த்தேன். நான் மேலே பார்த்ததைக் கண்டதும் அவர் எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, 'ஐயோ, சொறி, சொறி' என்று கலங்கிவிட்டார். இனி அதை எப்படித் திருத்துவது? என்னிடம் அந்தளவுக்குச் சொல் இல்லை. மறுகா என்ன, நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். நோயாளிக்கு என்று ஒரு கூடை பழம் தந்து அனுப்பினார். ஆஸ்பத்திரியில் உன் அம்மா தோடம்பழத்தை உரித்தபடி, "பொம்புளப் புள்ள பிறந்ததுக்கா இவ்வளவு துக்கப்படுறாங்க?" என்று கேட்டா. "ஓம், இனி இவளுக்கு ஒரு வீடு கட்டோணுமே, அந்தத் துக்கம்தான்" என்றேன். கதையாகச் சொன்னால் சிரிப்புத்தான். ஆனால் அன்று வான் ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எனக்கு மகள் பிறந்திருக்கிறாள், அதை ஒருவரிடம் சொல்லப் போனேன், சொல்லாமலே திரும்பி வருகிறேன். என் சந்தோசத்தை அன்பினால்தான் பறித்தார்கள், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

கிணறு கட்ட வந்த ஜப்பான்காரர் வேறு மாதிரி. அவருக்கும் என்னைப் போல அரைகுறை இங்கிலீசு. இருவரும் ஒரே வகுப்பில் பெயிலான பிள்ளைகள் மாதிரி நல்ல ஒற்றுமை. அவர் அவசரப்பட மாட்டார். நான் ஒரு சொல்லைத் தேடினால், தானும் சேர்ந்து தேடுவது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கையால் காட்டுவேன், வானை நிற்பாட்டி மண்ணில் கீறுவேன். வாகரை ரோட்டில் ஒருநாள் ரயர் வெடித்து, மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஓரத்தில் கல்லில் இருந்தார். திடீரென்று, "மை மதர். ஓல்ட். அலோன். ஐ, ஹியர்" என்றார். அவ்வளவுதான். நான் ரயரை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை. கன நேரம் அப்படியே இருந்தோம். பிறகு நான், தேத்தண்ணி குடிப்போமா என்பதற்கு, "ரீ?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு எழும்பினார். என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நல்ல இங்கிலீசு அந்த ஒரு சொல்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பெரிய அம்மணிக்குத் தெரிந்த இங்கிலீசில் கால்வாசி கூட அவரிடம் இல்லை. ஆனால் அவருடைய அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது போல இருந்தது.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன்.

போன மாரியோடு நீ ஒரு சட்டம் போட்டாய்: இனி ஞாயிற்றுக்கிழமை போனில் இங்கிலீசு மட்டும்தான், தமிழுக்கு இடமில்லை, அப்போதுதான் பழகும் என்று. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். ஆரம்பத்தில் அவளுக்கும் அது ஒரு முசுப்பாத்தியாக இருந்தது. வகுப்பால் வரும்போது பின்னால் இருந்து, பாலத்தையும் பொழுதுபடப் பறக்கும் வௌவாலையும் காட்டி, காற்றோடு காற்றாக, "மாமா, திஸ் இஸ் பிறிட்ஜ்! திஸ் இஸ் பேட்! மாமா இஸ் ஸ்லோ!" என்று கத்திக்கொண்டு வருவாள். நான் வேகமாக ஓட்டினால் "மாமா இஸ் டேஞ்சர்!" என்பாள். முன்பள்ளியில் முப்பது குட்டிகளை மேய்க்கிறவளுக்கு வாயா இல்லை? உன் அம்மா நடப்பதைப் போல நடந்து காட்டுவாள், நான் தும்முவதைப் போலத் தும்மிக் காட்டுவாள். நீயும் அந்த வாயைப் பார்த்துத்தானே விழுந்தாய்?

அறுவடை நேரம் வட்டைக்குள் யானை வந்தது. வட்டை என்றால் என்னவென்று நம் குழுவில் இருக்கும் ரவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாதிருக்கலாம், வயல்வெளிதான். காவலுக்கு நின்ற நான் யானையைக் கண்டு ஓடினேன். ஓடியதில் இடுப்பில் கட்டிய சாரன் வேலியில் மாட்டி, வேலியோடு நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. மிச்சத்தை நீயே யோசித்துக்கொள். இந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும் என்று மருமகள் அந்தக் கிழமை முழுக்க ஆயத்தம் செய்தாள். சாரனுக்கு இங்கிலீசில் என்ன என்று வகுப்பு மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் விறாந்தையில் இருந்தேன். "எலிஃபன்ட் கம்..." என்று தொடங்கினாள். நீ 'கேம்' என்றாய். "எலிஃபன்ட் கேம் இன் த..." என்றாள். நீ 'இன்டு' என்றாய். வட்டைக்கு ஒரு சொல்லைத் தேடினாள், நீ எடுத்துக் கொடுத்தாய். யானை ஒன்றா பலவா என்று கேட்டாய். மகன், மின்சார வேலியால் நிற்பாட்ட முடியாத யானையை நீ இலக்கணத்தால் நிற்பாட்டிவிட்டாய். பிறகு அவள், "நத்திங். ஐ ஆம் ஃபைன். யூ?" என்றாள். நீ "வெரி குட்!" என்றாய்.

அன்று பொழுதுபடும்போது அவளுடைய அம்மா, உன் அம்மா, உன் தங்கை, பக்கத்து வளவுக்காரர் எல்லோரும் முற்றத்தில் இருக்க, அதே கதையைத் தமிழில் சொன்னாள். யானையாகவும் அவளே வந்தாள், நானாகவும் அவளே ஓடினாள், வேலியில் தொங்கிய சாரனாகவும் அவளே நின்றாள். உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டி வந்தது. அந்தக் கதை உனக்குச் சேர வேண்டியது. ஊர் முழுக்கத் தெரிந்த கதை உனக்கு மட்டும் இன்றைக்கு இந்தக் கடிதத்தில்தான் தெரிய வருகிறது, அதுவும் அதில் மானம் போனவனின் வாயால்.

அந்த "வெரி குட்" பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஒருநாள் பாலத்தடிக் கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது அவள் சொன்னாள்: "மாமா, முன்பள்ளியில ஒரு புள்ள அழாம மூத்திரம் பெய்ஞ்சிற்று வந்தா நான் 'வெரி குட்' சொல்லுவன். அவர் எனக்கும் அதே குரல்லதான் சொல்றார்." பகிடியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு வரும் வழியில் பாலத்தையும் வௌவாலையும் அவள் கூப்பிடவில்லை. கிழமைக்குக் கிழமை ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுச் சுருங்கிக்கொண்டு வந்தது. யெஸ். ஓகே. நோ புறப்ளம். ஐ ஆம் ஃபைன். பிழை விடாமல் பேசக்கூடிய நாலைந்து சொற்களை அவள் கண்டுபிடித்துவிட்டாள், அவற்றை வைத்தே உன்னைச் சமாளிக்கப் பழகிவிட்டாள். இப்போதெல்லாம் பிழையே விடுவதில்லை என்று நீ எனக்குச் சந்தோசமாகச் செய்தி அனுப்பினாய். வாய் திறக்காதவளுக்கு எங்கே பிழை வரப் போகிறது?

உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இதைச் சொல்லவில்லை. நீ அங்கே போன புதிதில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்து அறைக்கு வந்ததும் எனக்கு எடுப்பாய். பேச ஒன்றும் இருக்காது. சும்மா தமிழ் கேட்க எடுப்பாய். ஒருநாள் சொன்னாய், "அப்பா, இஞ்ச என்ன ஒரு ஊமையன் எண்டு நினைக்கிறாங்க. நான் பகிடி விடுறவன் எண்டு இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் தெரியா. என்ட பகிடியெல்லாம் அவங்கட கதை முடிஞ்ச பிறகுதான் எனக்கு இங்கிலீசில வருது." என் பிள்ளையை, என் வாயை உரித்து வைத்துக்கொண்டு பிறந்தவனை, எங்கோ ஒரு ஊரில் ஊமையன் என்கிறார்கள். நீ அந்தக் குழியிலிருந்து ஏறிவிட்டாய், கெட்டிக்காரன். ஆனால் ஏறிய கையோடு மேலே நின்று, கீழே நிற்கிறவளைப் பார்த்து 'காலை இப்படி வை, அப்படி வை' என்று கத்துகிறாய். கையைக் கொடு, மகன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ அவளிடம் இங்கிலீசில் ஒரு விசயம் கேட்டாய். இந்த வருசம் பரீட்சை எடுக்க வேண்டாம், இன்னும் இரண்டு வருசம் ஊரிலேயே இருக்கட்டும், அதற்குள் நீ அங்கே ஒரு வீட்டுக்கு வழி பண்ணிவிடுவாய், பிறகு வந்தால் வசதியாக இருக்கும், சம்மதமா என்று. அவள் "யெஸ். ஓகே. நோ புறப்ளம்" என்றாள். அன்று இரவே நீ எனக்கு எழுதினாய்: 'அவ நல்லா விளங்கிக்கொண்டா அப்பா. ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லல்ல. நான் குடுத்து வச்சவன்.'

நீ போனை வைத்த பிறகு நடந்தது இது. அவள் வெளியே வந்தாள். கையில் அந்தப் புத்தகம். முருங்கை மரத்தடிக்குப் போய்க் குந்தினாள். ஒரு தாளைக் கிழித்தாள், கிடாய்க்கு நீட்டினாள். அது தின்றது. இன்னொன்று. மேலே எழுதிய அறிவித்தலில் ஆடு தானாகத் தின்றது போல எழுதியிருந்தேன், அது பகிடிக்கு. ஊட்டியது அவள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன புள்ள, ஆட்டுக்கும் வகுப்புத் தொடங்கிற்றியா?"

"அதாவது படிக்கட்டும் மாமா. எனக்கு இனி இரெண்டு வருசத்துக்குத் தேவல்ல."

"என்ன இரெண்டு வருசம்?"

சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகாமல் நீ கேட்டதெல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்டேன், "விளங்காமத்தான் ஓம் எண்டு சொல்லிற்றியோ?"

"விளங்கின மாமா. எல்லாம் நல்லா விளங்கின. திருப்பிச் சொல்லத்தான் ஏலாமப் போயிற்று. தமிழில எண்டா ஒரு மணித்தியாலம் சண்டை பிடிச்சிருப்பன். வீடு இல்லாட்டி என்ன, ஒரு அறையில இருப்பம், எனக்கு அவரோட இரிக்கிறதுதான் பெரிசு எண்டு சொல்லியிருப்பன். இங்கிலீசில சண்டை பிடிக்கிற அளவுக்கு நான் இன்னும் படிக்கல்ல."

"அப்ப தமிழிலயே சொல்லியிருக்கலாமே, புள்ள?"

அவள் ஆட்டின் வாயிலிருந்து தொங்கிய தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இங்கிலீசில கேட்டவருக்குத் தமிழில பதில் சொன்னா, 'இன்னும் பழகல்லியா' எண்டுதான் கேப்பார் மாமா. நான் என்ன சொன்னன் எண்டு கேக்க மாட்டார்."

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் அவளிடம் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம்.

மகன், அவள் தந்த சம்மதத்தை நீ சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. நம் சனங்களின் பழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் பிரயாசைப்பட்டு நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டோம். விருந்துக்கு வரச் சொன்னால் வர ஏலாதவனும் 'ஓம், வாறன்' என்றுதான் சொல்லுவான், சொன்னவன் முகத்தைப் பார்த்துத்தான் அந்த ஓமின் கனத்தை நிறுப்போம். போனில் முகமும் சரியாகத் தெரியாது, பாசையும் அவளுடையது இல்லை. அந்த ஓமை வைத்துக்கொண்டா உங்கள் இரண்டு பேரின் இரண்டு வருசத்தை முடிவு செய்தாய்? பெரிய விசயம் எதையும் அவளுக்குச் சண்டை பிடிக்கத் தெரிந்த பாசையில் கேள். அவள் மாட்டேன் என்று சொல்லக்கூடிய பாசையில் ஓம் என்று சொன்னால்தான் அது ஓம். இன்னும் இரண்டு வருசம் என்பது சில வேளை சரியான யோசனையாகவும் இருக்கலாம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அது ஒரு ஆளின் யோசனையாக இருக்கக் கூடாது.

இங்கிலீசு பேசாதே என்றும் சொல்லவில்லை. பேசு, அவளுக்கு அது வேண்டும். பேசும்போது கொஞ்சம் ஜப்பான்காரர் மாதிரி இரு. அவள் சொல்லைத் தேடும் நேரத்தை அவளுக்கே விட்டுவிடு. அந்த அமைதி உனக்கு நீளமாகத் தெரியும், உள்ளே அவளுக்கு வேலை நடந்துகொண்டிருக்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்கிறபோது வாய்க்காலில் காலை வைக்கலாமா? யானை 'கம்' பண்ணினாலும் 'கேம்' பண்ணினாலும் முதலில் வரட்டும். வந்து, நெல்லைத் தின்று, என்னையும் துரத்தி முடிக்கட்டும். நீ சிரி. பிறகு கதையில் பிடித்த இடத்தை நீ ஒருமுறை சரியான இங்கிலீசில் திருப்பிச் சொன்னால் போதும், அவளுக்குக் காது இருக்கிறது, தானே பிடித்துக்கொள்வாள். பாதியில் தமிழ் வந்தால் வரட்டும், களவு செய்து பிடிபட்டவள் மாதிரி அவளை முழிக்க வைக்காதே. கேள்வி கேட்கும்போது 'ஹவ் ஆர் யூ' என்று கேளாதே, அதற்கு ஃபைன் என்பதைத் தவிர யாருக்கும் பதில் தெரியாது. முன்பள்ளியில் இன்றைக்கு யார் யாரைக் கடித்தது என்று கேள். அவளுக்குத் தெரிந்து உனக்குத் தெரியாத விசயமாகக் கேள். சத்தத்தைக் கூட்டாதே, அவளுக்குக் காதில் குறை இல்லை. அதோடு, உனக்கு விளங்காமல் போன நாட்களையும் அவளுக்குச் சொல். அந்த ஊமையன் கதையை என்னிடம் சொன்னாயே, அவளிடம் ஒருநாளாவது சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். மனைவிக்கு முன்னால் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்ற ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அதைத்தான் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் தமிழில் தொடங்கவில்லை. அன்று மருமகளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், "நீ பேசாம இரு புள்ள. அவன் இங்கிலீசில தானே கேட்டவன், நான் அவனுக்கு இங்கிலீசிலயே குடுக்கிறன் பார்." மறுநாள் விடிந்ததும் கண்ணாடியைப் போட்டு, பேனையை எடுத்து, மேசையில் இருந்தேன். உன்னைக் கண்டபாட்டுக்கு ஏச வேண்டும் என்று மனம் கொதித்துக்கொண்டிருந்தது. காலைத் தேத்தண்ணியோடு இருந்தவன், உன் அம்மா சோற்றுக்குக் கூப்பிடும்வரை எழும்பவில்லை. தாளில் இறங்கியிருந்தது இவ்வளவும்தான்: 'மை டியர் சன், வீ ஆர் ஆல் ஃபைன் ஹியர். யுவர் வைஃப் இஸ் ஃபைன். வெதர் இஸ் ஃபைன். டோன்ட் வொறி.' வாவியின் மேற்குக் கரை இங்கிலீசு அத்தனையும் அதோடு முடிந்தது.

முன்பள்ளி விட்டு நம் வீட்டுக்கு வந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். வாசித்தாள். "மாமா, இத அனுப்பினா அவர் இன்னும் அஞ்சு வருசம் அங்கயே நிண்டிருவார்" என்று சொல்லி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் தாளைத் திருப்பிப் போட்டேன். நீ வாசிக்கத் தொடங்கியது அதன் பின்பக்கம். எல்லாத் தாளையும் உன் தங்கை படம் பிடித்து அனுப்புவாள். அந்த முன்பக்கத்தை மட்டும் கேளாதே, குழுவில் போடச் சொல்லியும் கேளாதே. ஊரில் இன்னும் இங்கிலீசுக் கடிதங்களை வாசிக்க என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா